புதிய நகரில் மீண்டும் தொடங்கும் ஆசானுக்கு

பல ஆண்டுகள் ஓர் ஊரில் தற்காப்புக் கலை கற்பித்த ஆசான் ஒருவர் வேறொரு நகருக்குக் குடிபெயரும்போது, அவருடைய உடலில் ஊறிய கலை முழுமையாக அவருடன் வருகிறது. அவரைச் சுற்றி வளர்ந்திருந்த மதிப்பு வருவதில்லை. பழைய பயிற்சிக்கூடத்தில் அவர் நுழைந்ததும் பேச்சு அடங்கியதென்றால், அங்கே நின்றவர்கள் அவரிடம் விழுந்தும் எழுந்தும் வளர்ந்தவர்கள் என்பதே காரணம். புதிய நகரில் அவர் வாடகைக்கு இடம் தேடி அலையும் ஒருவர். அந்த நகரத்தார் அவரை மதிக்கவில்லை என்று இதற்குப் பொருளில்லை. அவர்களுக்கு அவரை இன்னும் தெரியாது, அவ்வளவே.

இந்த வழிகாட்டியில் உள்ள அறிவுரைகள் அனைத்தும் ஒரே கருத்திலிருந்து எழுந்தவை. புதிய நகரில் ஆசான் தம் சண்டைத் திறமையை நிறுவ வேண்டிய தேவை ஏறக்குறைய எழுவதே இல்லை. அந்தக் கலையை ஒருபோதும் தொட்டிராத ஒருவரைக் காயமின்றியும் குழப்பமின்றியும் மூன்று மாதம் கற்கவைக்கத் தம்மால் முடியும் என்பதை நிறுவினால் போதும். இடம், கட்டணம், அறிவிப்பு, பிற பள்ளிகளுடனான உறவு ஆகிய எல்லா முடிவுகளையும் இந்த அளவுகோலை வைத்தே எடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சிலம்பமோ களரிப்பயட்டோ கராத்தேயோ ஜூடோவோ, எந்தக் கலைக்கும் இது பொருந்தும்.

புறப்படும் முன்

பழைய பயிற்சிக்கூடத்தை ஒழுங்காக ஒப்படைக்காமல் கிளம்பியவருக்குப் புதிய நகரில் மனம் ஒன்றாது. மூத்த மாணவர்களில் ஒருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்து, அதை எல்லோர் முன்னிலையிலும் அறிவித்து, நீங்கள் இருக்கும்போதே சில மாதங்கள் அவரை வகுப்பு நடத்தவிடுங்கள். அந்த நாட்களில் நீங்கள் பின்வரிசையில் நின்று பேசாமல் இருப்பது மிக முக்கியம். ஒருமுறை நீங்கள் குறுக்கிட்டுத் திருத்திவிட்டால், மாணவர்களின் கண்கள் மீண்டும் உங்களிடமே திரும்பிவிடும். கட்டண வரவு, கருவிகள், வாடகை ஒப்பந்தம், மாணவர் பதிவேடு ஆகியவை யாருடைய பொறுப்பு என்பதையும், தேர்வு நடத்திப் பட்டயம் வழங்கும் உரிமை இனி யாருக்கு என்பதையும் எழுத்தில் வைத்துவிடுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போது எழுதப்படும் இந்தத் தாள்தான் பின்னால் நட்பைக் காக்கிறது.

உங்கள் ஆசான் உயிரோடு இருந்தால், இடம்பெயரும் செய்தியை அவரிடம் நேரில் சென்று சொல்லுங்கள். நீங்கள் சார்ந்த சங்கத்தில், புதிய நகரில் அதன் கிளை உள்ளதா, புதிய வகுப்பு தொடங்க யாரிடம் அனுமதி பெற வேண்டும் என்பதைக் கேட்டறியுங்கள். தகுதிச் சான்றிதழ்கள், பயிற்றுநர் உரிமம், முதலுதவிச் சான்று ஆகியவற்றின் மூலப்படிகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இவற்றோடு, நீங்கள் வகுப்புக்கென எழுதிவைத்த குறிப்புகள் இருந்தால் அவற்றையும் விட்டுவிடாதீர்கள். தொடக்க மாணவர்களுக்கு எதை எந்த வரிசையில் கற்பித்தீர்கள் என்பது, ஆண்டுக்கணக்கில் மூத்த மாணவர்களோடு மட்டுமே பயின்ற ஆசானுக்கு மறந்துபோயிருக்கும்.

திறப்பதற்கு முன் பார்ப்பது

புதிய நகரில் இறங்கிய மறுவாரமே வகுப்பு தொடங்கும் ஆசையைச் சில வாரங்கள் தள்ளிவையுங்கள். அந்த இடைவெளியில் செய்யவேண்டிய முதல் வேலை, அங்கே ஏற்கெனவே கற்பிக்கும் பள்ளிகளைப் பார்ப்பதுதான். உங்கள் கலையைக் கற்பிப்போரை மட்டுமன்றிப் பிற கலைகளைக் கற்பிப்போரையும் சந்தியுங்கள். முன்கூட்டியே பேசி அனுமதி பெற்று, நீங்கள் யார், எதற்காக இந்நகருக்கு வந்திருக்கிறீர்கள், விரைவில் வகுப்பு தொடங்கும் எண்ணம் இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மாணவர்போல உள்ளே நுழைந்து வேவு பார்த்துவிட்டு அடுத்த தெருவில் பலகை மாட்டுபவரை அந்த வட்டாரத்தில் எவரும் நெடுங்காலம் மறப்பதில்லை.

அவர்கள் உங்களைப் பயிற்சியில் சேர்ந்துகொள்ளச் சொன்னால், அவர்கள் காட்டும் இடத்தில் நில்லுங்கள். கடைசி வரிசை என்றாலும் அதுவே உங்கள் இடம். அந்தக் கூடத்தின் வணக்க முறையைப் பின்பற்றுங்கள். பக்கத்தில் நிற்கும் மாணவரின் காலடி தவறாக இருப்பது உங்கள் கண்ணில் பட்டாலும் திருத்தாதீர்கள். அது அவருடைய ஆசானின் வேலை. பயிற்சி மோதலுக்கு அழைத்தால், எதிரில் நிற்பவரின் வேகத்துக்கு ஒருபடி கீழேயே இருங்கள். நீங்கள் யாரென்பதை உங்கள் நிதானமே காட்டிவிடும்.

வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த முன்மாதிரி கொய்சுமி குன்ஜி. ஜப்பானில் பிறந்த இவர் 1918-ஆம் ஆண்டு லண்டனில் புடோக்வாய் என்ற சங்கத்தை நிறுவி, ஜூடோவுக்கு முந்தைய ஜப்பானிய மற்போர்க் கலையான ஜுஜுட்சுவைக் கற்பித்துவந்தார். 1920-இல் ஜூடோவின் நிறுவனரான கானோ ஜிகோரோ அங்கே வந்தபோது, சொந்தமாக ஒரு சங்கத்தையும் மாணவர்களையும் பெற்றிருந்த கொய்சுமி, ஜூடோ முறைக்கு மாறி, கானோவிடமிருந்து இரண்டாம் டான், அதாவது கறுப்புப் பட்டையின் இரண்டாம் படிநிலை, என்ற தகுதியைப் பெற்றுக்கொண்டார். அவருடைய சங்கம் அதனால் சிறுத்துவிடவில்லை. பிரிட்டனில் ஜூடோ வேரூன்றியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. புதிய இடத்தில் கற்றுக்கொள்ளவும் இடமிருக்கிறது என்று எண்ணும் ஆசானுக்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

இந்தச் சந்திப்புகளால் நேரடிப் பயனும் உண்டு. எந்தப் பகுதியில் ஏற்கெனவே நான்கு பள்ளிகள் இருக்கின்றன, எந்தக் கிழமைகளில் அவர்கள் வகுப்பு நடத்துகிறார்கள், யாருக்கு இன்னும் கற்பிக்க ஆளில்லை என்பவை தெரியவரும். குழந்தைகளுக்கான வகுப்புகள் நிறைந்த நகரில் நடுவயதினருக்கும் பெண்களுக்கும் தனி வகுப்பு இல்லாமல் இருக்கலாம். உங்கள் முதல் வகுப்பை அந்த வெற்றிடத்தில் அமைப்பது, யாருடைய மாணவரையும் இழுக்காமல் தொடங்குவதற்கான நேர்மையான வழி.

பிழைப்பும் கட்டணமும்

முதல் ஆண்டில் பயிற்சிக் கட்டணத்தை நம்பிக் குடும்பம் நடத்தத் திட்டமிடாதீர்கள். வருமானத்துக்காகக் கற்பிக்கும் நெருக்கடி வந்துவிட்டால், தகுதியற்றவருக்குப் படிநிலையைக் காட்டும் இடுப்புப் பட்டை தருவதும், காயம்பட்டவரை வகுப்புக்கு வரச்சொல்வதும், ஒழுங்கு மீறும் மாணவரைக் கண்டிக்கத் தயங்குவதும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வேறொரு வேலையைச் சில காலம் செய்வது ஆசானின் பெருமைக்கு இழுக்கு ஆகாது. கொய்சுமி லண்டனில் அரக்குவேலைப் பொருட்கள் சார்ந்த தொழிலில்தான் வாழ்ந்தார். கராத்தேயை ஜப்பானின் தென்தீவான ஒகினாவாவிலிருந்து தோக்கியோவுக்குக் கொண்டுசென்ற ஃபுனகோஷி கிச்சின் 1922-இல் அங்கே சென்றபோது ஐம்பது வயதைக் கடந்தவர். சொந்த ஊரில் பள்ளி ஆசிரியராகவும் கராத்தே வல்லுநராகவும் மதிக்கப்பட்ட அவர், தலைநகரில் ஒகினாவா மாணவர்கள் தங்கும் விடுதி ஒன்றில் தங்கி, அங்கே கூட்டிப் பெருக்கும் வேலை உள்ளிட்ட சிறு வேலைகளைச் செய்துகொண்டு, விடுதியின் கூடம் காலியாக இருக்கும் நேரங்களில் கற்பித்தார். 1924-இல் கேயோ பல்கலைக்கழகத்தில் அவருடைய வழிகாட்டலில் கராத்தே குழு அமைந்தது. அந்த வளர்ச்சியின் அடியில், வாடகையைப் பற்றிய கவலையின்றி அவர் கற்பித்த அந்தக் காலியான கூடம் இருக்கிறது.

கட்டணத்தைக் கணக்கிடும்போது, சேரும் மாணவர் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடாமல், நிலைத்து நிற்பவரின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடுங்கள். முதல் மாதம் இருபது பேர் சேர்ந்தால், மூன்றாம் மாதத்தில் பத்துப் பேர் இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு, அந்தப் பத்துப் பேரின் கட்டணத்தில் இடவாடகையும் காப்பீடும் கருவித் தேய்மானமும் அடங்குமா என்று பாருங்கள். அடங்காவிட்டால் இடம் உங்களுக்குப் பெரியது. நீண்டகால ஒப்பந்தத்தில் தனிக்கூடம் எடுப்பதைவிட, ஒரு பள்ளியின் அரங்கையோ சமூகக் கூடத்தையோ மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்து வாரத்துக்கு இரண்டு நாள் தொடங்குவது நல்லது. ஓராண்டுக் கட்டணத்தை முன்பணமாக வாங்கும் முறையைத் தவிர்த்துவிடுங்கள். உங்களை இன்னும் அறியாதவரிடம் ஓராண்டு நம்பிக்கையைக் கேட்பது நியாயமன்று. கட்டணம் செலுத்த இயலாத மாணவர் வந்தால் தனியே பேசி முடிவெடுங்கள், ஆனால் இலவச வகுப்பு என்று பொதுவாக அறிவிக்காதீர்கள். அந்த அறிவிப்பு அதே நகரில் கற்பித்துப் பிழைக்கும் மற்ற ஆசான்களைத்தான் முதலில் காயப்படுத்தும்.

இடத்தைத் தேர்வது

கூடத்தைப் பார்க்கப் போகும்போது அளவுநாடாவும் வெறுங்காலும் வேண்டும். காலணியைக் கழற்றித் தரை முழுவதும் நடந்து பாருங்கள். ஒற்றைக் காலில் நின்று உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள். கால் ஒட்டிக்கொண்டு முழங்கால் மட்டும் திரும்பினால் அந்தத் தரை மூட்டைக் கெடுக்கும். வழுக்கினால் தொடக்க மாணவர் விழுவார். கான்கிரீட்டின்மேல் நேரடியாக ஒட்டிய ஓடு குதிப்புக்கும் கால்மிதிக்கும் ஏற்றதன்று; மரத்தளம் இருந்தால் நல்லது, இல்லையெனில் விரிப்பு கட்டாயம் வேண்டும்.

விரிப்பின் பருமன் கலையைப் பொறுத்தது. அடி, உதை, காலடிப் பயிற்சிகளுக்கு ஏறத்தாழ 2 செ.மீ. பருமனுள்ள, ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் விரிப்பு போதும். எறிதலும் விழுதலும் உள்ள கலைகளுக்கு, ஜூடோவில் பயன்படுத்துவது போன்ற, ஏறத்தாழ 4 செ.மீ. பருமனும் அழுத்தமான உட்புறமும் கொண்ட விரிப்பு தேவை. மென்மையாக இருப்பதெல்லாம் பாதுகாப்பானது என்று எண்ணிவிடாதீர்கள்; அதிகம் அமுங்கும் விரிப்பில் கால்விரல் சிக்கிக் கணுக்கால் பிசகும். பகிர்ந்துகொள்ளும் அரங்கு என்றால், ஒவ்வொரு வகுப்பிலும் விரித்துச் சுருட்டும் நேரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். 50 சதுர மீட்டர் பரப்புக்கு 1 மீட்டர் அகலமும் 2 மீட்டர் நீளமும் உள்ள விரிப்புகள் 25 வேண்டும். அவற்றைப் பூட்டிவைக்க ஓர் அறை இல்லையென்றால், அந்த அரங்கு எவ்வளவு மலிவாக இருந்தாலும் உங்களுக்குப் பயன்படாது.

கம்புப் பயிற்சிக்கு இடத்தேவை வேறு. ஏறத்தாழ 1.6 மீட்டர் நீளமுள்ள கம்பை ஒரு முனையில் பிடித்துக் கையை நீட்டிச் சுழற்றினால், கையின் நீளத்தையும் சேர்த்து 2.2 மீட்டருக்கு மேல் ஆரம் வருகிறது. அதாவது அருகருகே சுழற்றும் இருவருக்கிடையில் குறைந்தது 5 மீட்டர் இருந்தால்தான் கம்புகள் மோதாது. தலைக்கு மேல் சுழற்றும்போது விசிறியும் விளக்கும் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். சாதாரணக் குடியிருப்பு உயரத்தில் கட்டிய கூடத்தில் சிலம்பம் கற்பிக்க முற்பட்டால், மாணவர்கள் பயத்தில் குனிந்தே சுழற்றப் பழகிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தைப் பின்னர் நீக்குவது பெரும்பாடு. இத்தகைய கலைக்குத் திறந்தவெளியே சிறந்தது. மழைக்காலத்துக்கு மட்டும், கம்பின்றிக் காலடி பழக ஒரு சிறிய கூரையிடம் இருந்தால் போதும்.

இடம் சிறியது என்பதற்காக மனம் சோர வேண்டாம். களரிப்பயட்டு பயிலும் களமான மரபான களரி ஒன்றின் அளவு 42 அடி நீளமும் 21 அடி அகலமும் என்று வகுக்கப்பட்டிருக்கிறது. அதில் ஒரு முழுக் கலையும் வளர்ந்தது. கானோ 1882-இல் ஒரு கோயிலில் கோதோக்கான் என்ற தம் ஜூடோ பள்ளியைத் தொடங்கியபோது அவரிடம் இருந்தது 12 பாய்கள் விரித்த இடம், ஏறத்தாழ 20 சதுர மீட்டர். ஆனால் சிறிய இடம் என்றால் சிறிய வகுப்பு என்பதில் உறுதியாக இருங்கள். மேலும், கூடத்துக்குக் கீழே குடியிருப்போ அலுவலகமோ இருந்தால், ஒப்பந்தத்துக்கு முன் அவர்களைச் சந்தித்து, ஒருவர் விழும் ஓசை எப்படிக் கேட்கிறது என்று சோதித்துக்கொள்ளுங்கள். உடைமாற்றப் பெண்களுக்குத் தனியறை, குடிநீர், காற்றோட்டம், அவசரத்தில் வெளியேற இரண்டாவது வழி ஆகியவை இல்லாத இடத்தை ஏற்காதீர்கள்.

முதல் மூன்று மாதப் பாடம்

வாரத்துக்கு இரண்டு வகுப்பு என்றால் மூன்று மாதத்தில் ஏறத்தாழ 24 வகுப்புகள் கிடைக்கும். புதிய நகரில் உங்கள் பெயர் இந்த 24 வகுப்புகளில்தான் உருவாகிறது. ஆகையால் அவற்றை எழுதித் திட்டமிடுங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் புதிதாக ஒன்றே ஒன்று கற்பித்து, முந்தைய வகுப்பில் கற்பித்ததைக் கட்டாயம் மீண்டும் செய்யவைத்து, இறுதியில் மாணவர்கள் தாமாகச் செய்துபார்க்கும் சில நிமிடங்களை ஒதுக்குங்கள். அனுபவமுள்ள ஆசான்கள் பலர் இங்கே தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன். பழைய ஊரில் பத்தாண்டு பழகிய மாணவர்களோடு செய்த பயிற்சியின் சுவை அவர்கள் நாவில் இருக்கிறது. அதை முதல் மாதத்திலேயே புதியவர்களிடம் தேடுகிறார்கள். புதியவர்களோ எந்தக் கால் முன்னே என்பதிலேயே திணறிக்கொண்டிருப்பார்கள்.

விழுதல் உள்ள கலை என்றால் முதல் வகுப்பிலேயே அதிலிருந்து தொடங்குங்கள். முதலில் குத்துக்காலிட்ட நிலையிலிருந்து பின்னோக்கி விழப் பழக்குங்கள். மோவாய் மார்பை ஒட்டியிருக்க வேண்டும், கண் இடுப்புக்கச்சையைப் பார்க்க வேண்டும், கைகள் உடலிலிருந்து ஏறத்தாழ 45 பாகை விலகி, உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்து தரையைத் தட்ட வேண்டும். அந்த நொடியில் மூச்சு வெளியேற வேண்டும். இது தயக்கமின்றி வந்தபின் பக்கவாட்டு விழுதல், அதன்பின் நின்ற நிலையிலிருந்து விழுதல், கடைசியாக முன்னுருளல் என்று செல்லுங்கள். நின்ற நிலையில் தானாக விழத் தெரியாதவரை இன்னொருவர் எறிய ஒருபோதும் விடாதீர்கள், அவர் எவ்வளவு வலிமையானவராக இருந்தாலும்.

கம்புக் கலையில் முதல் சில வாரங்கள் வெறுங்கைக் காலடியே போதும். கம்பு கைக்கு வந்தபின், சுழற்றும் வேகத்தைவிட, சொன்ன இடத்தில் கம்பை நிறுத்தும் கட்டுப்பாட்டைச் சோதியுங்கள். நிறுத்தத் தெரிந்தவரை மட்டும் இன்னொருவருக்கு எதிரே நிறுத்துங்கள். அடி, உதை உள்ள கலைகளில் தூரத்தை அளக்கக் கற்பிப்பது முதலில் வர வேண்டும், திண்டில் அடிப்பது அடுத்து வர வேண்டும், இருவர் பயிற்சி அதன்பின்தான். முழு வேக மோதலை இந்த மூன்று மாதத்துக்குள் கொண்டுவர வேண்டியதில்லை. மோதல் இல்லாத கலை உயிரற்றது என்று வாதிடுவோருக்கு, தோளைத் தொடுவது, முழங்காலைத் தொடுவது என்று இலக்கைச் சுருக்கி, வேகத்தையும் குறைத்து ஆடும் பயிற்சியே போதுமான விடை. அதில் தூரம், நேரம், ஏமாற்று ஆகிய மூன்றும் அச்சமின்றிப் பழகிவிடும்.

திருத்தம் சொல்லும்போது, ஒரு மாணவருக்கு ஒரு வகுப்பில் ஒரு திருத்தம் என்ற அளவைக் கடைப்பிடியுங்கள். மூன்று தவறு கண்ணில் பட்டாலும், காயம் விளைவிக்கக்கூடியதை மட்டும் முதலில் சொல்லுங்கள். அடுத்த வகுப்பில் அதே மாணவரிடம் சென்று, சொன்னதைச் செய்திருக்கிறாரா என்று பார்த்து, செய்திருந்தால் வாய்திறந்து பாராட்டுங்கள். மாணவர்களின் பெயர்களை இரண்டாம் வாரத்துக்குள் மனப்பாடம் செய்துவிடுங்கள்.

விங் சுன் என்ற சீனத் தற்காப்புக் கலையின் ஆசான் இப் மான் 1949-இல் ஹாங்காங்குக்குக் குடிபெயர்ந்தபோது அவருக்கும் ஐம்பது வயது கடந்திருந்தது. உணவகத் தொழிலாளர் சங்கத்தில் கற்பிக்கத் தொடங்கிய அவரிடம் வந்தவர்கள் பகலெல்லாம் வேலை செய்து களைத்தவர்கள். பழைய தத்துவச் சொற்களால் விளக்குவதை விட்டு, ஓர் அசைவு எதற்காக என்பதை நேரடியாகச் சொல்லிக் கற்பித்தார் என்று அவருடைய வழிவந்தவர்கள் கூறுகிறார்கள். இதை நீங்களும் செய்யலாம். உங்கள் ஆசான் உங்களுக்குச் சொன்ன சொற்களை மாற்றுவது கலையை மாற்றுவதாகாது. எதிரில் இருப்பவருக்கு விளங்கும் சொல்லில் அதே காலடியைக் கற்பிப்பதுதான் மரபுக்குச் செய்யும் தொண்டு. பழைய ஊரைப் பற்றியும் அங்கிருந்த மாணவர்களின் திறமையைப் பற்றியும் பேசுவதை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பேச்சு உங்களுக்கு ஆறுதல், கேட்பவருக்கோ ஓர் இடைவிடாத ஒப்பீடு.

வேறு பள்ளியில் பயின்று பட்டை பெற்ற மாணவர் உங்களிடம் வந்தால், அவர் முந்தைய ஆசானிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாரா என்று கேளுங்கள். சொல்லவில்லையென்றால், சொல்லிவிட்டு வரும்படி கேட்டுக்கொள்ளுங்கள். அவர் உழைத்துப் பெற்ற பட்டையைக் கழற்றச் சொல்வதால் உங்களுக்கு ஒன்றும் கூடுவதில்லை. அணியவிட்டு, உங்கள் முறையின் அடிப்படைகளை மற்றவர்களோடு சேர்ந்து பழகச் சொல்லுங்கள்.

காயமும் பொறுப்பும்

ஒவ்வொரு மாணவரிடமிருந்தும் உடல்நிலை, பழைய காயங்கள், உண்ணும் மருந்துகள், அவசரத்தில் அழைக்கவேண்டிய நபர் ஆகிய விவரங்களை எழுதி வாங்குங்கள். முதலுதவிச் சான்று காலாவதியாகியிருந்தால் வகுப்பு தொடங்கும் முன்பே புதுப்பியுங்கள். பெரியவர் ஒருவர் மயங்கி விழுந்து மூச்சு நின்றால், உதவிக்கு ஆளனுப்பிவிட்டு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு மார்பை அழுத்த வேண்டும் என்பது கைக்குப் பழகியிருக்க வேண்டும். புத்தகத்தில் படித்த நினைவு அந்த நேரத்தில் உதவாது.

தலையில் அடிபட்டதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பழைய தலைமுறை ஆசான்கள் பலர் இதைத் தாங்கிக்கொள்ள வேண்டிய ஒன்றாகவே கற்றிருக்கிறார்கள். மூளையதிர்ச்சிக்கு நினைவிழப்போ மயக்கமோ கட்டாயமில்லை. தலைவலி, குமட்டல், மங்கிய பார்வை, தாமதமான பதில், காரணமற்ற எரிச்சல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அந்த மாணவர் அன்று மீண்டும் பயிற்சிக்கு வரக்கூடாது. மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதல் 24 முதல் 48 மணி நேரம் கடும் உழைப்பின்றி இருந்து, பிறகு நடை, எளிய உடற்பயிற்சி, தொடுதலற்ற பயிற்சி என்று படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள் விட்டு முன்னேறி, மருத்துவர் அனுமதித்த பின்னரே மோதலுக்குத் திரும்ப வேண்டும். மாணவர் தானே விரும்பிக் கேட்டாலும் இதில் தளராதீர்கள்.

குழந்தைகளுக்குக் கற்பிப்பதென்றால், எந்தக் குழந்தையோடும் மூடிய அறையில் தனித்திருக்காதீர்கள். பெற்றோர் எந்த வகுப்பையும் முன்னறிவிப்பின்றிப் பார்க்கலாம் என்று முதல் நாளே சொல்லுங்கள். எந்த வயதினராயினும், உடலைத் தொட்டுத் திருத்துவதற்கு முன் கேட்டுக்கொண்டு தொடுங்கள். விரிப்பை ஒவ்வொரு வகுப்புக்கும் பின் கிருமிநாசினியால் துடையுங்கள். தோலில் வட்டமாகப் படரும் தடிப்பு உள்ளவர் சிகிச்சை பெற்று மருத்துவர் அனுமதிக்கும் வரை விரிப்புக்கு வர வேண்டாம். நகம் வெட்டுவதும் நகை கழற்றுவதும் வகுப்பின் ஒழுங்கில் அடங்கும். இவற்றோடு, பயிற்றுநருக்கான காப்பீடு அந்நாட்டில் கிடைக்குமென்றால் தவறாமல் எடுங்கள்.

அறிவிப்பு

உங்களைப் பற்றி அறிவிக்கும்போது, எந்தக் கலை, யாரிடம் எத்தனை ஆண்டு கற்றீர்கள், எத்தனை ஆண்டு கற்பித்தீர்கள், வகுப்பு யாருக்கு, எங்கே, எந்த நேரத்தில் என்பவை போதும். உலகப் புகழ், இரகசிய வித்தை, வெல்ல முடியாத முறை என்ற சொற்களைப் பார்த்து வருபவர்கள் மூன்று மாதம் காலடி பழகப் பொறுமை உள்ளவர்கள் அல்லர். நீங்கள் காற்றில் உதைக்கும் படத்தைவிட, சாதாரண உடலமைப்புள்ள ஒரு தொடக்க மாணவர் பயிற்சி செய்யும் படம் அதிகம் பேசும். அவரிடம் அனுமதி பெற்று அதை வெளியிடுங்கள். செயல்விளக்க நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் மாணவர்களையும் அதில் பங்குபெறச் செய்ய முடியும்வரை அதை அதிகம் நாடாதீர்கள். பார்வையாளராக வந்து அமர்ந்திருப்பவரிடம் வகுப்பு முடிந்ததும் சென்று பேசுவது எந்த விளம்பரத்தையும்விடப் பயன் தரும்.

உங்கள் சொந்தப் பயிற்சி

மாணவர் எவரும் வராத மாலைகள் இருக்கும். அன்று விளக்கை அணைத்துவிட்டு வீடு திரும்பாதீர்கள். அறிவித்த நேரம் முழுவதும் கூடத்தில் இருந்து உங்கள் சொந்தப் பயிற்சியைச் செய்யுங்கள். ஒரு வகுப்பு தவறாமல் நடக்கிறது என்ற நம்பிக்கை அந்த வட்டாரத்தில் பரவுவதற்கு இதுவே அடித்தளம். தவிர, இடம்பெயர்ந்த களைப்பும் வேலையும் சேர்ந்து உடலைத் தளரவிட்டிருக்கும். மீண்டும் பழைய அளவுக்கு ஒரேயடியாகத் திரும்ப முயன்றால் தசை ஈடுகொடுக்கும், தசைநாண்கள் ஈடுகொடுக்கா. அவை மெதுவாகவே வலுப்பெறுபவை. நடுவயதைக் கடந்த ஆசான் குதிப்பையும் ஆழ்ந்த அமர்வையும் வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். இயன்றால், முன்பு சென்று பார்த்த பள்ளிகளில் ஒன்றில் உங்களுக்குச் சமமான ஒருவரைக் கண்டு, வாரத்தில் ஒருநாள் அவரோடு பயிலுங்கள். மாணவர்களோடு மட்டுமே பயிலும் ஆசானின் கலை, அவர் அறியாமலேயே தளர்ந்துபோகிறது.

முதல் தேர்வு

பட்டை அல்லது படிநிலைத் தேர்வு உள்ள கலைகளில், முதல் தேர்வை அவசரப்படுத்தாதீர்கள். மாணவர்கள் கேட்பார்கள், பெற்றோர்கள் இன்னும் அழுத்தமாகக் கேட்பார்கள். தேர்வுக்கான பாடத்தை எழுதி முன்கூட்டியே அனைவரிடமும் கொடுத்துவிட்டால், கேள்வி "எப்போது" என்பதிலிருந்து "எது இன்னும் வரவில்லை" என்பதற்கு மாறிவிடும். தேர்வுக் கட்டணத்தைச் சான்றிதழுக்கும் ஏற்பாட்டுக்கும் ஆகும் செலவோடு நிறுத்துங்கள். தேர்வாளராக நீங்கள் மட்டும் அமராமல், உங்கள் சங்கத்தைச் சேர்ந்த ஒருவரையோ, நீங்கள் நட்பாகியிருக்கும் பள்ளியின் ஆசானையோ அழையுங்கள். உங்கள் கண்ணுக்குப் பழகிப்போன குறைகளை அவர் காண்பார்.

தேர்வில் தவறியவரிடம் அன்றே தனியே பேசி, எது குறைந்தது, அதை எத்தனை வகுப்பில் சரிசெய்யலாம் என்பதைச் சொல்லுங்கள். எல்லோருடைய குறைகளையும் பதிவேட்டில் எழுதுங்கள். ஒரே குறை பாதிப் பேரிடம் தென்பட்டால் அது மாணவர்களின் குறையன்று, பாடத்தின் குறை. அடுத்த வாரத்தின் முதல் வகுப்பை அந்தக் காலடியிலிருந்தோ அந்த விழுதலிலிருந்தோ எல்லோருக்கும் சேர்த்துத் தொடங்குங்கள்.